ஏதாச்சும் விசேஷமுங்களா?

ஜனவரி 2, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. காப்பீட்டு முகவர் ஒருவர் ஆசிரியர் அறைக்கு வந்து எல்லோருக்கும் ஒரு டைரி கொடுத்துவிட்டுப் போனார். இயற்பியல் கந்தவேல் சார் தன்னுடையதைப் பேரனுக்குக் கிறுக்க ஆகும் என்று பைக்குள் வைத்துக்கொண்டார். நான் எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயங்கள் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன.

முதல் பக்கத்தில் கேட்டிருந்ததை எல்லாம் நிரப்பினேன். த. தனபால், முதுகலை விலங்கியல் ஆசிரியர், கோபிசெட்டிபாளையம். ரத்த வகை கூட எழுதியாயிற்று. எழுத இடம் விடாதது இதுதான்:

என் முதல் மனைவி பிரேமாவுக்கு இருதய வால்வில் கோளாறு. மகள் மௌனிகா பிறந்ததே பெரிய கண்டம். இன்னொரு பிரசவம் கூடவே கூடாது, கருத்தடை ஆபரேஷனையும் அந்த உடம்பு தாங்காது என்றார்கள். அதனால் நான் செய்துகொண்டேன். சின்ன வேலைதான். அதற்காக நான் வருந்தியதில்லை. அப்போது யாரிடமும் சொன்னதுமில்லை. மோனி ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பிரேமா போய்விட்டாள். இப்போது மோனி ஒன்பதாவது.

வாசுகியைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆகப் போகிறது. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே முப்பத்து நான்கு வயது வரை இருந்துவிட்டவள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பெண் பார்க்கப் போன அன்றே அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். வெட்டியதை மறுபடி இணைத்துவிடலாம், நிறையப் பேருக்குச் சரியாகியிருக்கிறது என்றும் சொன்னேன். போன மே மாதம் கோவையில் இணைத்தார்கள். ஆகஸ்டில் பரிசோதித்தபோது விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. "சில பேருக்கு லேட்டாத்தான் வரும். ஜனவரியில பாப்போம்" என்றார் டாக்டர்.

ஜனவரி வந்துவிட்டது.

ஜனவரி 7, சனி

கோவை போய் வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் போனேன். வண்டியின் சீட் பழசாகிவிட்டது, கடினமாக இருக்கிறது. துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

லேப்பில் கவுண்டர் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. சின்ன டப்பாவில் என் பெயர் எழுதி ஒட்டி, "சார், கடைசி ரூமுங்க. உள்ளார தாழ்ப்பாள் இருக்குது" என்றாள். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வாஷ்பேசின். எதிர்ச் சுவரில் ஜவுளிக்கடைக் காலண்டர். வள்ளி தெய்வானையோடு முருகன். எனக்கு ஓடவில்லை. காலண்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். வெளியே வரும்போது மறக்காமல் நேராக்கிவிட்டுத்தான் வந்தேன்.

வீடு திரும்பியபோது மோனி எங்கள் மாடி வீட்டுப் படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லப்பா, சும்மா" என்றாள்.

திங்கள்கிழமை போனில் சொல்வார்கள்.

ஜனவரி 8, ஞாயிறு

தொட்டி கழுவினேன். மாவு அரைத்துக் கொடுத்தேன். மின்விசிறி மூன்றையும் துடைத்தேன். வாசுகி, "இன்னிக்கு என்ன, வீட்ட வெள்ளையடிச்சிட்டுத்தான் விடுவீங்களா?" என்றாள்.

ஜனவரி 9, திங்கள்

ஒன்றும் இல்லை.

பதினோராம் வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. வராந்தாவுக்குப் போய்க் கேட்டுவிட்டு உள்ளே வந்து மீனின் செவுளைத் தொடர்ந்து நடத்தினேன். படத்தில் ஒரு பாகத்தை மாற்றிக் குறித்துவிட்டேன் போலிருக்கிறது, முன் பெஞ்சுப் பெண் எழுந்து சொன்னாள்.

மத்தியானம் வாசுகியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிங்க. வரும்போது தக்காளி வாங்கிட்டு வந்திருங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல ஒரு வேலை கிடைத்திருக்கும்.

ஜனவரி 16, திங்கள், மாட்டுப் பொங்கல்

சத்தியமங்கலத்தில் அக்கா வீடு. வாசலில் கால் வைத்ததும் சரோஜினி அக்கா வாசுகியின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, ஏதாச்சும் விசேஷமா?"

"இல்லீங்க அண்ணி."

"ரெண்டு வருசம் ஆகப்போவுது. இப்படியே விட்டா எப்படி? அந்தியூர் வைத்தியர்கிட்டச் சொல்லி லேகியம் வாங்கி வெச்சிருக்கறேன். வெறும் வயித்துல சாப்புடோணும். உன்ற ஒடம்புல சூடு அதிகம், அதான் தங்க மாட்டேங்குது."

அக்காவுக்கு என் ஆபரேஷன் தெரியாது. முதலாவதும் தெரியாது, இரண்டாவதும் தெரியாது. வாசுகி என்னைப் பார்க்கவில்லை. லேகியத்தை வாங்கி அங்கேயே ஒரு உருண்டை வாயில் போட்டுக்கொண்டாள். நான் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசுவதைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

சாயங்காலம் எல்லோரும் குன்றின் மேலிருக்கும் கோயிலுக்குக் கிளம்பினோம். மோனி பத்துப் படி ஏறிவிட்டு, கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துகொண்டாள். வாசுகியும் அவளோடு கீழேயே தங்கிவிட்டாள். நாங்கள் இறங்கி வந்தபோது இருவரும் தலையோடு தலை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். பண்டிகை நாளில் எதற்கு என்றுதான்.

ஜனவரி 21, சனி

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு ஆய்வகத்தைத் தயார் செய்ய வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் சாவி வாங்கியிருந்தேன். உண்மையிலேயே வேலை இருந்தது. ஜாடிகளுக்கு ஃபார்மலின் மாற்றினேன். நுண்ணோக்கிகளைத் துடைத்தேன். பள்ளியில் யாருமில்லை. காவலாளி கேட்டருகே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து ஒரு சிறு குப்பி கொண்டுபோயிருந்தேன்.

பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு சொட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்க வேண்டும், குமிழி வரக் கூடாது, முதலில் குறைந்த உருப்பெருக்கம். முதல் ஸ்லைடில் குமிழி வந்தது. இரண்டாவது ஸ்லைடு போட்டேன். வட்டமான வெளிச்சம். கொஞ்சம் துகள்கள். ஓரத்தில் ஏதோ அசைந்தது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டு அதன் பின்னாலேயே ஸ்லைடை நகர்த்தினேன். அது போன பக்கமே எல்லாத் துகளும் போயின. திரவம் காயும்போது இழுத்துக்கொண்டு போகிற ஓட்டம். அதை உயிர் என்று எழுதும் பிள்ளைகளுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

வேறு இடம், வேறு இடம் என்று ஸ்லைடு முழுவதும் தேடினேன். கழுத்து பிடித்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஸ்லைடுகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு அவற்றை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். பிள்ளைகள் தொடுகிற பொருள்.

ஜனவரி 28, சனி

டாக்டரைப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன். வாசுகிக்குச் சங்கத்தில் தணிக்கை நடக்கிறது.

"இணைச்ச எடத்துல தழும்பு வளந்து அடைச்சிருக்குங்க. இன்னொரு தரம் திறந்து பாக்கலாம். ஆனா மொதத் தடவைய விட வாய்ப்பு கம்மி. இல்லீன்னா ஊசி மூலமா விதையில இருந்தே உயிரணு எடுத்து டெஸ்ட் டியூப் முறைக்குப் போகலாம். ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. அவசரமில்ல." பிறகு, "வலி ஏதாவது இருக்குதுங்களா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

ஆபரேஷனுக்கே மே முதல் வாரத்தில் தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்போதுதான் விடுமுறை. வீட்டில் சொன்னபோது வாசுகி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தேதியே வாங்கியாச்சுங்களா?" என்றாள். "உனக்காகத்தானே" என்றேன். அவள் மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

பிப்ரவரி 4, சனி

வாசுகி ஈரோட்டில் ஏதோ ஆபீஸ் வேலை என்று காலையிலேயே போனாள். மோனி பிராஜெக்ட் செய்யத் தோழி வீட்டுக்குப் போனாள். நான் பழைய சாதத்தில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வினாத்தாள் தயாரித்தேன். மூன்று மணிக்கு இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்டார்களாம். இருவரும் ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருந்தார்கள். மோனி வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டாள்.

சனிக்கிழமை என்ன ஆபீஸ் வேலை என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 6, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு இனப்பெருக்கப் பாடம் திருப்புதல். கருத்தடை முறைகள் வந்ததும் வழக்கம்போல் பின் வரிசையில் சிரிப்பு. ஒரு பையன் எழுந்தான். "சார், வெட்டி விட்டத மறுபடி சேத்த முடியுங்களா?" கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையான சந்தேகம்தான்.

"முடியும். எல்லாருக்கும் பலிக்காது" என்றேன்.

"ஏனுங் சார்?"

மணி அடித்துவிட்டது.

இடைவேளையில் கந்தவேல் சார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "தனபால் சார், எங்கிட்டச் சொல்லவே இல்ல பாத்தீங்களா?"

"என்னங்க சார்?"

"சனிக்கிழமை என்ற வீட்டுக்காரி மூட்டு வலிக்கு ஈரோடு போயிருந்தா. அங்க ஸ்கேன் சென்டர்ல உங்க வீட்டம்மா கவுண்டர்கிட்ட நின்னுட்டு இருந்தாங்களாமா. இவ கூப்புடறதுக்குள்ள உள்ளார போயிட்டாங்க. ஏதாச்சும் விசேஷமுங்களா?"

நான் சிரித்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லதுங்க, நல்லதுங்க. மூணு மாசம் முடியற வரைக்கும் வெளிய சொல்ல மாட்டாங்க, எனக்குத் தெரியாதா?" என்றார்.

அடுத்த இரண்டு வகுப்புகளில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

ஃபிரிட்ஜின் மேலே காகிதக் கவரில் சிவப்பு மாத்திரைகள். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும். யாருக்குக் கொடுப்பார்கள் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பிப்ரவரி 9, வியாழன்

பீட்ரூட் பொரியல். நேற்று முருங்கைக் கீரை. அலமாரியில் பேரீச்சம்பழப் பாட்டில் புதிதாக வந்திருக்கிறது. வாசுகிக்கு முருங்கைக் கீரையே பிடிக்காது.

தலைச்சுற்றல் இருக்கிறதா என்று கேட்டேன். "எனக்கா? எனக்கென்ன? நீங்கதான் நாலஞ்சு நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்கறீங்க" என்றாள்.

அவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் போனை எடுத்தேன். சார்ஜ் குறைவாக இருந்தது, போட்டு வைக்கலாம் என்றுதான். சங்கத்தில் சுரேந்தர் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார் போல. மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். தணிக்கைக்காக இருக்கும். எனக்கு அதில் ஒன்றுமில்லை.

டாக்டருக்குப் போன் செய்து, லேப்பில் தவறு நேர வாய்ப்பு உண்டா என்று கேட்டேன். இரண்டு முறையும் ஒரே முடிவு, வாய்ப்பில்லை என்றார். நானே பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானம் கோழிக் குழம்பு. ஈரலை மட்டும் தனியாக மிளகு போட்டு வறுத்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"எத்தன மாசம்?"

"எது எத்தன மாசம்?"

"ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தியாமா. கந்தவேல் சார் வீட்டம்மா பாத்தாங்களாமா."

"ஆமா, போயிருந்தேன். உங்ககிட்ட..." அவள் பாதியில் நிறுத்தினாள். கரண்டி கையிலேயே இருந்தது. "மொதல்ல என்ன கேட்டீங்க?"

"மாத்திரையும் பாத்தேன் வாசுகி."

அடுப்பை அணைத்தாள். "உங்களுக்கு ஒண்ணுமில்லீன்னு ரெண்டு தரம் டெஸ்ட்டுல வந்திருச்சு. அப்படி இருந்தும் எத்தன மாசம்னு கேக்கறீங்க. அப்ப யாரோடதுன்னு கேக்கத்தானே வந்தீங்க?"

நான் அப்படிக் கேட்கவில்லை. அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

"சொல்லுங்க. அதத்தானே?"

அப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

பின்னாலிருந்து மோனியின் குரல். "அப்பா, அந்த மாத்திரை எனக்குப்பா."

திரும்பினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. எவ்வளவு நாளாக அப்படி வெளுத்திருக்கிறதோ.

வாசுகிதான் சொன்னாள். என்னைப் பார்க்காமல், சங்கத்தில் யாருக்கோ விவரம் சொல்வதுபோல் சொன்னாள். மோனிக்கு இரண்டு மாதமாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. அம்மாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று பயந்திருக்கிறாள். பொங்கலன்று கோயில் படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். இங்கே டாக்டரம்மாவிடம் காட்டியதில், தாய்க்கு இருதய நோய் இருந்ததால் எதற்கும் எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றிருக்கிறார். அதற்குத்தான் ஈரோடு. இருதயத்தில் ஒரு குறையும் இல்லை. மாதா மாதம் அதிகம் போவதால் ரத்தம் குறைந்திருக்கிறது. மாத்திரையும் சாப்பாடுமே போதும்.

"ரிசல்ட் நல்லாத்தான் வந்திருக்குது, இப்பச் சொல்லீருவோம்னேன். அவளே சொல்றேன்னா. அடுத்த ஞாயித்துக்கெழம சாப்புடும்போது அப்பாகிட்ட நானே சொல்றேன் சித்தின்னா."

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

மோனியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஈரலை அவள் தட்டில் போட்டாள். எனக்கும் ஒரு தட்டு வைத்துப் பரிமாறினாள். அவள் சாப்பிடவில்லை. மோனியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 13, திங்கள்

பள்ளிக்குப் போனேன். கந்தவேல் சாரிடம், அப்படி ஒன்றும் இல்லைங்க, மகளுக்குத்தான் பரிசோதனை என்று சொன்னேன். அவர் முகம் சங்கடப்பட்டுவிட்டது. பாவம், அவர் மேல் என்ன தப்பு?

பிப்ரவரி 15, புதன்

வாசுகி பேசுவதில்லை. சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வருகிறாள். மோனியின் அறையிலேயே படுத்துக்கொள்கிறாள்.

சாயங்காலம் மோனியை வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெதுவாகத்தான் நடந்தோம். நாற்று நட்ட வயல்களைப் பார்த்துக்கொண்டு மதகின் மேல் உட்கார்ந்தோம்.

"எங்கிட்ட ஏன் கண்ணு சொல்லல?"

ரொம்ப நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க கோயமுத்தூர் கோயமுத்தூர்னு போயிட்டு இருந்தீங்களே, அது எனக்குத் தெரியும்ப்பா. நீங்க போன்ல டாக்டர்கிட்டப் பேசறப்ப கேக்கும்."

"சரி."

"எனக்கும் அம்மா மாதிரி ஆயிரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு நெனச்சேன். அதனாலதான் நான் போறதுக்குள்ள இன்னொரு பாப்பா வேணும்னு அலையறீங்கன்னு..."

தண்ணீரில் யாரோ விட்டெறிந்த பூமாலை ஒன்று போய்க்கொண்டிருந்தது. மதகில் சிக்கி, சுற்றி, அந்தப் பக்கம் போனது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு அவளிடம் சொன்னேன். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. "நான் அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டப்போ நீ தொட்டில்ல கெடந்த. உங்கம்மா பொழைக்கோணும், நீ ஒருத்தி இருந்தாப் போதும்னுதான் பண்ணிக்கிட்டேன். அன்னிக்கு எனக்கு ஒரு கொறையும் தெரியல."

"இப்பத் தெரியுதாப்பா?"

நான் மதகிலிருந்து இறங்கி நின்றேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும் வரை விடவில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

வாசுகி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அருகில் வைத்தேன்.

"தப்பா நெனச்சிட்டேன்" என்றேன்.

"தெரியும்."

"மன்னிச்சிரு வாசுகி."

கொடியில் என் வேட்டியைப் போட்டு நுனிகளை இழுத்துவிட்டாள். "மே மாசம் ஆபரேஷன் எனக்காகன்னீங்களே. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் கொழந்தை வேணும்னு கேட்டனா? நீங்களாத்தான் சேத்து வெச்சுக்கலாம்னீங்க. உங்களுக்கு ஆச இருக்குதாட்ட இருக்குன்னு நானும் சரின்னேன்."

"உனக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

"வேணும்னு இருந்துச்சு. இல்லீன்னு சொல்லல. அன்னிக்கு நீங்க போன்ல சொன்னப்ப ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு அழுதேன். அழுது முடிச்சு மொகம் கழுவிட்டு வந்து வேலையப் பாத்தேன். எனக்கு அதோட ஆச்சு. உங்களுக்குத்தான் ஆகல." வாளியிலிருந்து மோனியின் பாவாடையை எடுத்துப் பிழிந்தாள். "கொழந்தை ஒண்ணு இருந்தா நான் எங்கயும் போக மாட்டேன்னு நெனைக்கறீங்க. அதுக்குத்தான் இத்தனையும். நான் இல்லாதப்ப போன எடுத்துப் பாக்கறதும் அதுக்குத்தான்."

சார்ஜ் போட என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

"போறவளா இருந்தா இடுப்புல கொழந்தையோடவும் போவா" என்றாள். கீழே இறங்கிப் போய்விட்டாள்.

மீதித் துணியை நான்தான் காயப்போட்டேன்.

பிப்ரவரி 25, சனி

மே மாதத் தேதியை ரத்து செய்யக் கோவைக்குக் கிளம்பினேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால்தான் எனக்கே உறுதிப்படும் என்று தோன்றியது. செருப்பை மாட்டும்போது வாசுகியும் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

டாக்டரிடம், வேண்டாமுங்க, இதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று சொன்னேன். டெஸ்ட் டியூப் பற்றி யோசித்தோமா என்று கேட்டார். நான் வாசுகியைப் பார்த்தேன். "வேண்டாமுங்க டாக்டர்" என்றாள். பிறகு அவளே கேட்டாள்:

"இவருக்கு வலி இருக்குதுங்க. வண்டி சீட்டுல துண்டு மடிச்சுப் போட்டுத்தான் உக்கார்றாரு. நாற்காலியில ஒரு பக்கமாத்தான் உக்கார்றாரு. ஆபரேஷன் பண்ணின நாள்ல இருந்தே பாத்துட்டு இருக்கறேன். அதுக்கு ஏதாவது பண்ணுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "போன தடவ கேட்டனே. இல்லைன்னீங்க?"

திரைக்குப் பின்னால் பரிசோதித்தார். இணைத்த இடத்தில் சின்னக் கட்டி. ஆபத்தில்லை, மாத்திரையில் அடங்கும், அடங்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வலியைச் சொன்னால் இரண்டாவது ஆபரேஷன் கிடைக்காது என்று பயந்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. அன்னூர் தாண்டியதும் வாசுகி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க அன்னிக்குக் கேட்டது எனக்கு மறக்காது. கொஞ்ச நாள்ல மறந்திருவேன்னு நெனைக்காதீங்க."

"சரி."

"ஆனா பொட்டியக் கட்டீருவேன்னும் நெனைக்காதீங்க. எனக்கு அங்க ஒரு பிள்ள இருக்குது. நாளைக்கு மறுபடி ரத்தம் டெஸ்ட் பண்ணோணும்."

மார்ச் 1, புதன்

அக்கா போன் செய்தாள். வாசுகியிடம் கொடு, லேகியம் தீர்ந்திருக்குமே என்றாள். வாசுகி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மோனி எதிரில் படித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போகவில்லை.

"அக்கா, லேகியம் வேண்டாம். கொற எங்கிட்டத்தான்."

"என்னடா தம்பி ஒளர்ற? உனக்குத்தான் மோனி பொறந்திருக்கறாளே?"

"அதுக்கப்பறம் நான் கருத்தடை பண்ணிக்கிட்டேன். பிரேமாவுக்காக. போன வருசம் சேத்து வெச்சுப் பாத்தாங்க, கூடல. இனிமேலும் கூடி வராது. வாசுகிகிட்ட இனிமே நீ இதக் கேக்கக் கூடாது."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "இது வாசுகிக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா நான் குடுத்ததத் தின்னா?" என்றாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. போனை வாசுகியிடம் கொடுத்தேன். அவள் கையில் கீரை. தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அண்ணி. கசப்பாத்தான் இருந்துச்சு, வேறொண்ணுமில்ல" என்றாள்.

மோனி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் 5, ஞாயிறு

மோனிக்கு ரத்தம் ஏறியிருக்கிறது. இன்னும் போதாது, மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள்.

மத்தியானம் மின்தடை. மாடி வீட்டில் ஓடு சூடானதுபோல் வெக்கை. கூடத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்து, மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்து, வெறும் தரையில் படுத்தோம். மோனி சுவரோரம். நான் கதவோரம். வாசுகி பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள். மோனியின் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது. தினமும் அங்கேதான் படுக்கிறாள்.

"தள்ளிப் படுங்க. காத்து பூராத்தையும் நீங்களே அடைச்சுக்கிட்டீங்க" என்றாள்.

நான் தள்ளிப் படுத்தேன். அவள் எனக்கும் கதவுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள்.

"அப்பா கொறட்டை விட்டா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்று சுவரோரத்திலிருந்து மோனி சொன்னாள்.

இரண்டு பக்கமும் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. மின்சாரம் வரும் வரை நான் புரண்டுகூடப் படுக்கவில்லை.